கார் சீட்டும் குத்தூசியும்

போன மாதம் என் மகனுடைய காரில் டிரைவர் சீட்டின் ஓரத் தையல் விட்டுப் போனது. ஒரு சாண் நீளம் இருக்கும். பழைய வண்டியாக வாங்கியது. முன்பு வைத்திருந்தவர் நல்ல தோல் உறை போட்டிருந்தார். ஏறி இறங்கும்போதெல்லாம் உடம்பு உரசுகிற இடம் அது. புதுச்சேரி வெயிலும் கடற்காற்றும் சேர்ந்தால் எந்த நூல்தான் தாங்கும்?

கடைக்குக் கொண்டு போனோம். ஒரு பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "தைச்சுத் தர்றதெல்லாம் இல்ல சார், முழு செட்டா மாத்திடலாம்" என்று ஒரு விலை சொன்னான். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எனக்கு இரண்டு வருஷத்துக்குக் கிடைத்த சம்பளத்தைவிட அது அதிகம். "வா, வீட்டுக்குப் போகலாம், நான் தைக்கிறேன்" என்றேன். மகன் சிரித்தான்.

வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை. நூல்தான் இற்றிருந்தது. பெரும்பாலும் அப்படித்தான். நூல் போனதற்காகத் தோலையே தூக்கி எறிகிறோம்.

தைக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது பயன்படும். துணி தைக்கும் பருத்தி நூல் உதவாது; வேர்வையில் இற்றுவிடும். மெழுகு பூசிய பாலியெஸ்டர் நூல் வேண்டும். சீட்டைக் கழற்றாமல் தைப்பதற்கு வளைந்த ஊசி வாங்கிக்கொள்ளுங்கள். பழைய ஓட்டைகளிலேயே ஊசியை விட வேண்டும். துணியில் குத்தினால் இழை விலகி மறுபடி கூடிவிடும். தோலில் போட்ட ஓட்டை போட்டதுதான். பக்கத்தில் பக்கத்தில் புதிதாகக் குத்தினால் தபால்தலை ஓரம்போல அந்த வரிசையிலேயே கிழிந்து வரும். தோல் ஊசிக்கு முனை மூன்று பட்டையாக இருக்கும். அது அறுத்துக்கொண்டு போகும். பழைய ஓட்டைக்கு அது வேண்டாம், மழுங்கின ஊசியே போதும். இந்தப் பக்கம் ஒரு ஓட்டை, அந்தப் பக்கம் ஒரு ஓட்டை என்று ஏணிப்படி மாதிரி மாற்றி மாற்றிக் கோத்து, இரண்டு மூன்று தையலுக்கு ஒரு முறை இழுத்தால் வாய் மூடிக்கொள்ளும். நூலும் வெளியே தெரியாது.

இன்னொன்று. புது வண்டிகளில் சில சீட்டுகளின் பக்கவாட்டிலேயே காற்றுப்பை இருக்கிறது. "ஏர்பேக்" என்று ஒரு சின்னத் துணி லேபிள் தொங்கும். விபத்தில் பை வெளியே வரவேண்டும் என்பதற்காகவே அந்தத் தையலைக் கிழியும்படி போட்டிருப்பார்கள். அதில் மட்டும் கை வைக்காதீர்கள். நாம் கெட்டியாகத் தைத்து, பை வெளியே வராமல் போனால் உயிர் போய்விடும். எங்கள் வண்டியில் அது இல்லை. பார்த்த பிறகுதான் ஊசியை எடுத்தேன்.

வாசலில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தபோது உறவுக்கார அம்மாள் ஒருவர் வந்தார். நின்று பார்த்தார். "ஏன் தம்பி, பென்ஷன் வாங்குற மனுஷன், இது நாம செய்யற வேலையா?" என்றார். இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த ஒரு கேள்விதான்.

"நாம்" என்றால் யார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

முப்பத்தைந்து வருஷம் நான் அரசு அலுவலகத்தில் குத்தூசியால் ஃபைல்களைக் குத்தி நூல் கோத்தேன். யாரும் கேவலமாகப் பார்க்கவில்லை, "சார்" என்றுதான் கூப்பிட்டார்கள். அதே கை, அதே குத்தூசி. காகிதத்துக்குப் பதில் தோல் வந்ததும் குலம் கெட்டுவிடுமா?

என் சிறுவயதில் எங்கள் தெரு முனையில் வேப்பமரத்தடியில் ஒருவர் செருப்புத் தைப்பார். என் பள்ளிக்கூட பூட்ஸை அவரிடம்தான் கொடுப்போம். தோலில் ஓட்டை போட்டால் போட்டதுதான் என்ற பாடத்தை எனக்குச் சொன்னவர் அவர்தான். எனக்குப் பத்து வயது. அவருக்கு என் அப்பாவைவிட வயது அதிகம். அவர் என்னைச் "சின்னய்யா" என்பார். நான் அவரை "நீ" என்பேன். தண்ணீர் கேட்டால் அம்மா செம்பை உயரத் தூக்கி ஊற்றுவார், அவர் இரண்டு கையையும் குவித்துக் குடிப்பார். நான் பக்கத்திலேயே நிற்பேன். அன்றுதான் பிரெஞ்சு டிக்டேஷனில் "எகாலித்தே" என்ற சொல்லைத் தப்பில்லாமல் எழுதி மிசியேவிடம் பாராட்டு வாங்கியிருப்பேன். சமத்துவம் என்று அர்த்தம். எழுத்து சரியாக வந்தது, அர்த்தம் மட்டும் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

நம் ஊர் வக்கீல் பொன்னுத்தம்பி பிள்ளை 1873-ல் ஐரோப்பியரைப் போல பூட்ஸ் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குள் போனதையும், தண்டனை கிடைத்தபோது விடாமல் பாரீஸ் வரை வழக்காடி ஜெயித்ததையும் நாம் பெருமையாகச் சொல்கிறோம். பெருமைதான், நானும் சொல்கிறேன். ஆனால் பூட்ஸ் போடும் உரிமையைக் கொண்டாடிய நாம், அதைத் தைக்கிறவர்களைத் தெரு முனையிலேயே உட்கார வைத்தோம். அந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

தோல் குதிரைச் சேணத்துக்குப் போடும் இரட்டை ஊசித் தையலை பிரெஞ்சில் "புவேன் செல்லியே" என்பார்கள். சேணக்காரர் தையல் என்று பொருள். அங்கே தொழிலாளியின் பெயரால் தையலை மரியாதையாகச் சொல்கிறார்கள். இங்கே தொழிலின் பெயரையே வசவாக்கி வைத்தோம்.

அதனால் என் அபிப்பிராயம் இதுதான். வீட்டில் தைக்க முடிந்ததைத் தையுங்கள், பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். முடியாததைத் தெரிந்தவரிடம் கொடுங்கள், கேட்ட கூலியைக் கொடுங்கள். அந்த ஒரு சாணைத் தைக்க எனக்கு இரண்டு சாயங்காலம் பிடித்தது, விரலில் நாலு இடத்தில் குத்து. அதற்குப் பிறகு செருப்புத் தைக்கிறவரிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேச எனக்கு வாய் வராது.

உறவுக்கார அம்மாளுக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. சிரித்து மழுப்பிவிட்டேன். எழுபது வயதுக்கு மேலும் அந்தத் துணிச்சல் வரவில்லை. வேப்பமரத்தடிக்காரரின் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. இதை எழுதுவதாவது அவருக்கு நான் தரும் கூலி பாக்கியில் கொஞ்சம் கழியட்டும்.

சீட் நன்றாக இருக்கிறது. பின் சீட்டிலும் ஒரு இடம் விட ஆரம்பித்திருக்கிறது. அந்த அம்மாள் மறுபடி வந்தால், இந்த முறை நூலின் ஒரு நுனியை அவர் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொல்லலாம் என்று இருக்கிறேன்.