கட்டணப் பலகை எங்கே?



விளாத்திகுளத்தில் தனியார் டாக்டரிடம் வருகிறவர்களில் பலர் சுற்றுப்பட்டிக் கரிசல்காட்டு ஜனங்கள். மிளகாய்ப்பழம் பறிக்கிற கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறி வந்து டோக்கன் வாங்கி உட்காருகிறார்கள். உள்ளே எவ்வளவு கேட்பார்களோ என்று முந்தானை முடிச்சைத் தடவியபடியே இருக்கிறார்கள்.

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறைப்படி டாக்டர் தன் கட்டணத்தைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைக் குறிப்புகளைத் தர வேண்டும். மருந்துச் சீட்டு படிக்கிற மாதிரி, கூடுமானவரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்று 2016இல் திருத்தமும் வந்தது.

போன வாரம் ஒரு கிளினிக்கில் பலகையைப் பற்றிக் கேட்டேன். டோக்கன் கொடுக்கும் பெண் சிரித்தார்.

வியாசர்பாடியில் 5 ரூபாய்க்கு வைத்தியம் பார்த்த டாக்டர் திருவேங்கடம் போல இருக்கச் சொல்லவில்லை. எவ்வளவு என்று வாசலிலேயே எழுதிப் போடுங்கள், போதும்.

— ஒரு வாசகர், விளாத்திகுளம்