ராட்டினமும் ரோலர் கோஸ்டரும்

மரச்சட்டங்களை உயர எழுப்பி, மேலே பனிக்கட்டி பரப்பிச் சறுக்கிய ரஷ்ய விளையாட்டே ரோலர் கோஸ்டரின் முன்னோடி. 1817இல் பாரிசில் அது சக்கர வண்டிகளோடு அமைந்தபோது, பிரெஞ்சு மக்கள் 'ரஷ்ய மலைகள்' என்றனர். பின்னர் அமெரிக்காவில் மரப்பாதைகள் பெருகின. பென்சில்வேனியாவில் 1902இல் ஒன்று கட்டப்பட்டது. ரஷ்யரோ அவ்விளையாட்டை 'அமெரிக்கக் குன்றுகள்' என்கின்றனர். ஒரே பொருளுக்கு ஒவ்வொரு மொழியினரும் தாம் கண்டவாறு பெயரிட்டனர்.

தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்கும் சித்தூர், திருப்பதி வட்டாரத்திலும் இதற்குச் சான்று உண்டு. நூல் நூற்கும் கருவியின் பெயரைத் தமிழில் ராட்டினம் என்றும் தெலுங்கில் ராட்னம் என்றும் திருவிழாச் சுழல்விளையாட்டுக்கு மக்கள் ஏற்றினர். இரண்டும் சுழல்வன, அவ்வொப்புமையே பெயருக்குப் போதுமானதாயிற்று.

ரோலர் கோஸ்டர் சுழல்வதன்று, ஏறி இறங்குவது; ஆகவே ராட்டினம் என்னும் சொல் அதற்குப் பொருந்தாது. எனினும் அச்சொல் பிறந்த முறை பொருந்தும். ஆங்கிலச் சொல்லின் உறுப்புகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நிகர் தேடும் கலைச்சொல்லாக்கம் பொருளின் இயக்கத்தைக் காணத் தவறுகிறது. அத்தகைய சொற்கள் பட்டியலில் தங்கிவிடுகின்றன. மாணவர் நாவில் ஏறுவதில்லை. கலைச்சொல் படைப்போர் அகராதியைத் திறக்குமுன், இருமொழியும் பேசும் இத்தகைய ஊர்களின் திருவிழாத் திடல்களுக்குச் சென்று மக்கள் பெயரிடும் முறையைக் கேட்டறிதல் வேண்டும்.