கொல்லையில் தேயிலை

குன்னூருக்குப் போய்த் திரும்புகிறவர்கள் சிலர் ஆசையோடு ஒரு தேயிலைக் கன்றை உத்திரமேரூருக்குக் கொண்டுவந்து கொல்லையில் நட்டுவிடுகிறார்கள். அக்கினி நட்சத்திரத்தில் அது கருகினால் வெயிலின்மேல் மட்டும் பழி போடுகிறோம். தேயிலைக்குப் புளிப்பான மண் வேண்டும், அதன் பி.எச். எண் 4.5 முதல் 5.5 வரை இருப்பது உத்தமம். சுண்ணாம்பும் உப்பும் கலந்த கிணற்று நீர் அதற்கு ஆகாது. ஏரிப் பாசனக் களிமண்ணிலோ நீர் தேங்கி வேர் அழுகும்.

ஆகையால் தரையை விட்டுத் தொட்டியில் வைப்பதே யுக்தம். செம்மண்ணும் மக்கிய இலையும் கலந்து, அடியில் துவாரமிட்டு, மாமர நிழலில் வைத்து, சேமித்த மழைநீரை வார்த்து வரலாம். ஐப்பசியில் நடுவது நலம். மூன்று வருஷம் வரையில் அறுவடை என்ற பேச்சே கூடாது. நுனியைக் கத்தரித்துப் புதராக்க வேண்டும்.

ஒரு கிலோ தூளுக்குச் சுமார் நாலரைக் கிலோ பசுந்தளிர் தேவை. எனவே கடைக்காரர் பயப்பட வேண்டியதில்லை! ஆயினும் குழந்தைகளைக் கிள்ளச் சொல்லுங்கள்; ஒரு பிடி சேர எவ்வளவு நேரமாகிறதென்று கணக்கெடுக்கட்டும். 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துறையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட பிறகு, இலங்கை மலைகளில் நம் பெண்மக்கள் இரண்டிலையும் ஒரு மொட்டுமாகத்தான் கூடை கூடையாக நிரப்பினார்கள்.