பிள்ளை காதில் விழுகிறது, பெற்றோரே!

மண்சட்டிக் கதை உங்களுக்குத் தெரியும். அப்பா தாத்தாவுக்குத் தனியாக மண்சட்டியில் சோறு போடுவார். தாத்தா கண்ணை மூடியதும் பேரன் அந்தச் சட்டியைக் கழுவி எடுத்துவைப்பான். எதுக்குடா என்றால், "உங்களுக்கு வேணுமேப்பா" என்பான். இந்தக் கதை வாட்ஸ்அப்பில் வராத மாதம் இல்லை. நாமும் கண் கலங்கி, கும்பிடும் கை நாலு போட்டு, குடும்ப குரூப்புக்கு அனுப்புகிறோம். அனுப்பிய கையோடு உள்ளறையைப் பார்த்து, "டிவி சவுண்டைக் கொஞ்சம் குறைங்களேம்ப்பா, உங்களுக்குக் காது கேக்கலைன்னா ஊருக்கே கேக்கணுமா?" என்று கத்துகிறோம். பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளை வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கிறது.

அந்தக் கதை பாதியைத்தான் சொல்கிறது. பிள்ளை நாளைக்கு நம்மை எப்படி நடத்துவான் என்பதோடு அதன் கவலை முடிந்துவிடுகிறது. அவன் தன்னைத்தானே எப்படி நடத்திக்கொள்வான் என்று யாரும் கேட்பதில்லை. வயதானால் ஒன்றுக்கும் ஆகாது என்று நம் வாயிலிருந்து கற்றுக்கொள்கிற பிள்ளை, ஐம்பது அறுபது ஆண்டு கழித்து அந்தப் பாடத்தைத் தன் உடம்பிலேயே ஒப்பிக்கும். சாபம் விடுகிறேன் என்று நினைக்காதீர்கள். ஆய்வுகள் அந்தப் பக்கம்தான் கை காட்டுகின்றன.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு என்று ஒரு சிறிய ஊர். 1975-ல் அங்கே 50 வயதைத் தாண்டியவர்களிடம் முதுமையைப் பற்றிச் சில கேள்விகள் கேட்டார்கள். வயது ஏற ஏற நாம் பயனற்றுப்போகிறோமா என்பது அவற்றில் ஒன்று. யேல் பல்கலைக்கழகத்தின் பெக்கா லெவி பின்னாளில் அந்தப் பதில்களை எடுத்து, 660 பேர் எவ்வளவு காலம் வாழ்ந்தார்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்தார். 2002-ல் முடிவு வெளியானது. தங்கள் முதுமையை நல்லவிதமாகப் பார்த்தவர்கள் மற்றவர்களைவிட 7.5 ஆண்டு கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். வயது, வசதி, தனிமை, உடல்நிலை எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும் வித்தியாசம் மறையவில்லை. ரத்த அழுத்தத்தையும் கொலஸ்ட்ராலையும் கட்டுக்குள் வைப்பதால் கிடைக்கும் ஆயுளைவிட இது அதிகம்.

அவரே 2009-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு, நம் வயதுக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. பால்டிமோரில் 1968-ல் 50 வயதுக்குக் கீழே இருந்த ஆரோக்கியமானவர்களிடம், வயதானவர்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள். அடுத்த 30 ஆண்டுகளில், கிழடுகளை இளக்காரமாகப் பார்த்தவர்களில் 100-க்கு 25 பேருக்கு இதய, ரத்தநாளக் கோளாறு வந்தது. மரியாதையாகப் பார்த்தவர்களில் 100-க்கு 13 பேருக்குத்தான் வந்தது. அன்றைக்கு அவர்கள் கேலி செய்தது யாரோ ஒரு கிழவரை. அடி விழுந்தது தங்கள் நெஞ்சில்.

இது தொடர்புதான், நேரடிக் காரணம் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் வழி புரியாத விஷயமில்லை. வயதானால் இப்படித்தான் என்று நம்புகிறவர் நடைப்பயிற்சியை விடுகிறார், மருந்தைப் பாதியில் நிறுத்துகிறார், வலியை மருத்துவரிடம் சொல்லாமல் மறைக்கிறார். ஒவ்வொரு அவமானமும் மன அழுத்தமாக ரத்தத்தில் ஏறுகிறது. பல வருடம் இப்படிப் போனால் உடம்பு தாங்குமா?

இந்தப் பாடம் எப்போது தொடங்குகிறது என்பதுதான் பெற்றோரான நம்மைச் சுட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட அறிக்கை, 4 வயதுக் குழந்தைக்கே தன் ஊரார் முதுமையைப் பற்றி வைத்திருக்கும் எண்ணங்கள் தெரிந்துவிடுகின்றன என்கிறது. 4 வயது என்றால் எல்கேஜி. சாதிவெறி பிடித்தவன் மறுநாள் காலையில் அந்தச் சாதிக்காரனாக எழுந்திருக்கப்போவதில்லை. வயதைப் பழிக்கிற பிள்ளை அந்த வயதை அடைந்தே தீரும். அடைய வேண்டும் என்றுதான் நாமும் கோயில் கோயிலாக அர்ச்சனை செய்கிறோம். பாதாம் பால், கேழ்வரகுக் கஞ்சி, நீச்சல் வகுப்பு, கராத்தே என்று நூறு வயசுக்கு ஏற்பாடு செய்துவிட்டு, அந்த நூறு வயதை வெறுக்கவும் நாமே கற்றுக்கொடுக்கிறோம். போலியோ சொட்டு மருந்துபோல, தினம் இரண்டு சொட்டு.

வீட்டில் நடப்பதைக் கொஞ்சம் பாருங்கள். தாத்தா மின்சாரக் கட்டணத்தைப் போனில் கட்டப் பார்க்கிறார். கண்ணாடியைத் தூக்கிவிட்டு, விரலை ஒருமுறை வேட்டியில் துடைத்து, ஒவ்வொரு எண்ணாகத் தொடுகிறார். மூன்றாவது எண்ணுக்குள் மகனுக்குப் பொறுமை போய்விடுகிறது. "இது உங்களுக்கு வராதுப்பா, குடுங்க இங்க." போன் பறிபோகிறது, நாலு நொடியில் கட்டணம் கட்டியாகிவிட்டது. இதே மகன்தான் போன வருடம் தன் பிள்ளைக்கு ஷூ லேஸ் கட்டச் சொல்லித்தர, வாரக்கணக்கில் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தவர். அப்போது "உனக்கு வராது" என்று ஒருநாளும் சொல்லவில்லை. இரண்டையும் பார்த்த பிள்ளை என்ன முடிவுக்கு வரும்? சின்னவனுக்குத்தான் கற்றுக்கொடுப்பார்கள், பெரியவனிடமிருந்து பிடுங்கிக்கொள்வார்கள் என்றுதானே?

மருத்துவமனையில் நடப்பது இதைவிட மோசம். "என்னம்மா பண்ணுது?" என்று மருத்துவர் பாட்டியைப் பார்த்துக் கேட்கிறார். "ரெண்டு வாரமா தலை சுத்துதுங்கறாங்க சார்" என்கிறார் மகன். "சாப்பாடு?" என்றால் மருமகள் பதில் சொல்கிறார். "தூக்கம்?" மறுபடியும் மகன். மடியில் மாத்திரைக் கவரை வைத்துக்கொண்டு பாட்டி ஒவ்வொருவர் வாயாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வெளியே வந்ததும், "வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று தீர்ப்பு. மறதி வந்தால் வயசு, சோர்வு வந்தால் வயசு, சாப்பாடு இறங்காவிட்டாலும் வயசு. வைட்டமின் பி12 குறைந்தாலும் மறதி வரும். தைராய்டு, மனச்சோர்வு, ஒத்துக்கொள்ளாத மாத்திரை இவற்றாலும் வரும். எல்லாம் சிகிச்சை உள்ளவை. வயசு என்று ஒரு வார்த்தையில் கோப்பை மூடிவிட்டால் யார் தேடப்போகிறார்கள்? இத்தனைக்கும் முதியோர் மருத்துவத்துக்குத் தனிப் பிரிவு சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978-லேயே தொடங்கப்பட்டது. மருத்துவர் வ.செ. நடராசன் முன்னின்று உருவாக்கியது. கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய மருத்துவமனை 2024-ல் திறக்கப்பட்டிருக்கிறது. பிள்ளைக்குத் தும்மல் வந்தால் குழந்தை மருத்துவரைத் தேடி ஓடும் நமக்கு, முதியோர் மருத்துவர் என்று ஒருவர் இருப்பதே தெரியவில்லை.

"நாங்க பெரியவங்களைத் தாங்கு தாங்குனு தாங்குறோம்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தாங்குகிறேன் என்று சொல்லி அவர்களிடம் இருந்த வேலையையெல்லாம் பிடுங்கிக்கொள்வதும் அவமதிப்புதான். காய் நறுக்க வேண்டாம், மாடிப்படி ஏற வேண்டாம், தனியாகக் கடைக்குப் போக வேண்டாம், சும்மா உட்காருங்கள். உட்கார வைத்த உடம்பு உட்கார்ந்தே போகும். 1990-ல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்குக் காலில் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். எட்டே வாரம். பயிற்சியை முடித்தவர்களுக்குக் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. இருவர் கைத்தடியை விட்டுவிட்டு நடந்தார்கள். நம் வீட்டில் 70 வயது அம்மாவை மாடிக்குத் துணி காயப்போடப் போகவிடாமல் தடுத்துக்கொண்டிருக்கிறோம். குளியலறையில் ஒரு கைப்பிடி பொருத்தச் சொன்னால் மட்டும், டைல்ஸ் அழகு கெட்டுவிடும் என்கிறோம்.

இன்னொரு வேடிக்கை. பேரனை வேனில் ஏற்றிவிட, மதியம் சோறு ஊட்ட, மாலையில் டியூஷனுக்கு அழைத்துப்போக அதே அம்மாவுக்கு வயது ஒரு தடையே இல்லை. சிநேகிதிகளோடு நாலு நாள் சுற்றுலா போகிறேன் என்றால்தான் வயசாகிவிடுகிறது. ஒரு பளிச்சென்ற புடவையை எடுத்தால், "இந்த வயசுல இது எதுக்கும்மா?" கேட்பது மகள். கேட்டுக்கொண்டிருப்பது பேத்தி.

நம் வயதையே நாம் என்ன பாடு படுத்துகிறோம் என்பதையும் பிள்ளை பார்க்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் ஆன்ட்டி என்று கூப்பிட்டுவிட்டால் அன்று முழுக்க வீட்டில் அதே பேச்சு. பெற்றோர் கூட்டத்துக்கு முந்தின நாள் இரவு தலைக்கு டை. பிறந்தநாள் வந்தால், "எனக்கு வயசை ஞாபகப்படுத்தாதே." பிள்ளை பதிலுக்கு, 35 வயது அத்தையைக்கூடப் 'பூமர்' என்கிறது. நாம் விழுந்து விழுந்து சிரிக்கிறோம். எங்கிருந்து கற்றது என்று அதைக் கேட்க நமக்கு வாய் இருக்கிறதா? நரையை மறைப்பது உங்கள் விருப்பம். நரைத்ததைத் தப்பு செய்ததுபோலப் பேசாதீர்கள், அது போதும்.

ஆயுள் என்பது மனசு சம்பந்தப்பட்டது மட்டுமே என்றும் நான் சொல்லவில்லை. சித்தாள் வேலை பார்த்து இடுப்பு ஒடிந்த அம்மாவிடமோ, மாதாமாதம் வரும் அரசு உதவித்தொகையை நம்பி இருக்கும் பெரியவரிடமோ போய் நல்லதையே நினையுங்கள் என்று உபதேசம் செய்வது அயோக்கியத்தனம். வறுமையும் உழைப்பும் காற்றும் ஆயுளைத் தின்கின்றன. அதற்கு அரசாங்கத்தைத்தான் சட்டையைப் பிடித்துக் கேட்க வேண்டும். ஆனால், "எல்லாம் பரம்பரை, நம்ம கையில என்ன இருக்கு" என்று சாய்ந்துகொள்ளவும் இடமில்லை. டென்மார்க்கில் 1870-க்கும் 1900-க்கும் இடையே பிறந்த இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வில், ஆயுள் வித்தியாசத்தில் பரம்பரையின் பங்கு சுமார் கால்வாசிதான் என்று தெரிந்தது. ஊர், உணவு, பழக்கம், துணை இவற்றுக்கு இடம் நிறையவே இருக்கிறது.

அதிலும் துணைக்கு உள்ள பங்கு லேசுப்பட்டதல்ல. 148 ஆய்வுகளில் இருந்த மூன்று லட்சத்துக்கும் அதிகமானவர்களின் தகவல்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த 2010-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, நல்ல உறவுகள் உள்ளவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் அதிகம் என்று கண்டது. 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு, டிமென்ஷியா என்னும் மறதிநோயில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று சொல்லி 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அதில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இருக்கின்றன. பேச்சுத்துணை இல்லாத தனிமை இருக்கிறது. கவனிக்காமல் விட்ட கண்பார்வை இருக்கிறது. காது கேளாமையும் இருக்கிறது. டிவி சத்தத்துக்காக நாம் கத்துகிறோமே, அந்தக் காதுதான். கேட்காத காது உள்ளவர் பேச்சிலிருந்து மெல்ல விலகுகிறார், பிறகு கல்யாணம் காட்சிக்குப் போவதை விடுகிறார், கடைசியில் மூளைக்கும் வேலை குறைகிறது. பிள்ளைக்கு இரண்டாவது சைக்கிள் வாங்கும் நாம், காது மெஷின் விலையைக் கேட்டதும், "இனிமே எதுக்கு, எத்தனை நாளைக்கு?" என்று பின்வாங்குகிறோம்.

ஆகவே பெற்றோரே, உங்கள் பிள்ளையின் ஆயுள்மேல் உங்களுக்கு உண்மையிலேயே அக்கறை இருந்தால், முதலில் வாயைக் கட்டுங்கள். "வயசான காலத்துல" என்று தொடங்கும் வாக்கியம் நாக்கு நுனிக்கு வரும்போதே விழுங்கிவிடுங்கள். மருத்துவர் பாட்டியைக் கேட்டால் பாட்டி பதில் சொல்லட்டும், எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. தாத்தாவின் காதையும் கண்ணையும் இந்த மாதமே பரிசோதியுங்கள். போனைப் பிடுங்காமல் பேரனைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் பெரியவர் இல்லை என்றால், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்த் தெருவில் நாலு பெரியவர்களிடம் பேசவிடுங்கள். பாடம் நடத்த வேண்டாம், பழகவிடுங்கள். கேரளத்தில் கார்த்தியாயினி அம்மா 2018-ல் தம் 96-ஆவது வயதில் எழுத்தறிவுத் தேர்வு எழுதி, 100-க்கு 98 மதிப்பெண் வாங்கினார். அந்தப் படத்தை அனுப்பி மகிழ்ந்த நாம், நம் வீட்டு அம்மாவிடம் "புதுசா என்னம்மா கத்துக்கணும்னு ஆசை?" என்று ஒருமுறையாவது கேட்டோமா?

பிள்ளைக்கு நாம் எழுதிவைக்கும் வீடும் நகையும் 70 வயதில் அதன் கையில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். முதுமையைப் பற்றி நாம் பேசிய பேச்சு கட்டாயம் அதன் காதில் இருக்கும். பார்த்துப் பேசுங்கள்.