மூலிகைக்காரர் பேர் என்ன?

வாலாஜாபாத் பக்கத்தில் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகிற இடம். நான் போன அன்று மணலும் நாலு மாடுகளும்தான் கூடியிருந்தன.

அங்கே பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழனின் கல்வெட்டு இருக்கிறது. 11-ம் நூற்றாண்டிலேயே அங்கே 15 படுக்கை ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ஹாஸ்டல் எல்லாம் இருந்ததாம். டாக்டர் பேர் கோதண்டராம அசுவத்தாம பட்டர். மூலிகை கொண்டு வருகிற ஆட்களுக்கும் சம்பளம் எழுதி வைத்திருக்கிறார்கள். பேர் மட்டும் இல்லை. நம்ம ஆபீஸ் ஆண்டறிக்கை மாதிரியேதான்!

அந்தப் பேரில்லாதவர்களின் வேலையை இன்றைக்குச் செய்கிறவர்கள் இருளர்கள். பி.காம். படித்த எனக்கும் பாம்புக்கும் உள்ள சம்பந்தம் பரமபதத்தோடு சரி. ஒருநாள் ஓர் இருளர் பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

"கட்டுவிரியன் எது, விஷமில்லாத ஓநாய்ப் பாம்பு எதுன்னு எப்படிங்க தெரியும்?"

"பட்டையைப் பாருங்க சார். தலைப்பக்கம் பளிச்சுனு இருந்து வாலுக்குப் போகப் போக மங்கினா ஓநாய்ப் பாம்பு. கட்டுவிரியனுக்கு நேர்மாறு. நடுமுதுகுல செதில் பெரிசா, ஆறு மூலையா வரிசையா ஓடும்."

விலங்கியல் பாடம் ஒன்றரை நிமிஷத்தில் முடிந்தது. "இதெல்லாம் பேரனுக்குத் தெரியுமா?" என்றேன். "தெரியும் சார். ஆனா ஸ்கூல்ல சர்டிபிகேட் கேட்டாங்க. நின்னுட்டான்."

பழங்குடி சாதிச் சான்றிதழ் கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வரவேண்டும். "அப்பாவுக்குச் சர்டிபிகேட் இருக்கா?" என்பார்கள். அப்பாவே பள்ளிக்கூடம் போகாதவர் என்றால் அவரிடம் ஏது?

இத்தனைக்கும், 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத்தோல் தொழில் நின்றுபோக, 1978-ல் ராமுலஸ் விட்டேகரோடு சேர்ந்து இருளர்கள் ஒரு கூட்டுறவு சங்கம் ஆரம்பித்தார்கள். இடம், மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலி. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலையும் உயிரோடு பிடித்து, சில வாரம் வைத்து விஷம் எடுத்து, அடிவயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி, காட்டிலேயே விட்டுவிடுவார்கள். அந்த விஷத்தைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி எடுப்பதுதான் நம்மைக் காப்பாற்றுகிற ஊசி மருந்து.

மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் 2017-ல் ஃபுளோரிடா விஞ்ஞானிகள் மலைப்பாம்பு பிடிக்க அழைத்துப் போனார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ. அமெரிக்காக்காரன் கேட்கவில்லை சார், சாதிச் சான்றிதழ்!

நான் சொல்ல வருவது சின்ன விஷயம். பழங்குடிப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுப்போம், சரி. அதே வகுப்பில் மாதம் ஒரு பீரியட் அவன் தாத்தா வந்து பாடம் எடுக்கட்டும். மைக்ராஸ்கோப்பை வாத்தியார் காட்டட்டும், செதிலைத் தாத்தா காட்டட்டும். அன்றைக்கு அந்தப் பையன் கடைசி பெஞ்சில் உட்கார மாட்டான்.

தாத்தாவுக்குக் கௌரவச் சம்பளமும் கொடுக்கவேண்டும். திருமுக்கூடலில் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே கொடுத்திருக்கிறார்கள்.

இந்தத் தடவை பேரையும் எழுதிவிடுவோம்.