மைதானத்தில் அடகு வைத்த தன்மதிப்பு

விளையாட்டே கதி என்று கிடந்தால்தான் தேற முடியும், அப்படிக் கிடப்பவருக்குத் தன்னம்பிக்கை தானாக வந்துவிடும் என்று பயிற்சியாளர் முதல் பெற்றோர் வரை ஒப்பிக்கிறார்கள். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டைப் பார்த்தால் இந்த நம்பிக்கை எவ்வளவு ஆபத்தானது என்று விளங்கும். அங்கே என்.சி.ஏ.ஏ. அமைப்பின்கீழ் ஆடும் மாணவர்கள் சுமார் 5 லட்சம் பேர். அவர்களில் தொழில்முறை ஆட்டத்துக்குப் போகிறவர்கள் நூற்றுக்கு 2 பேர்கூட இல்லை என்று அந்த அமைப்பே சொல்கிறது. மற்றவர்களுக்குப் படிப்போடு ஆட்டமும் முடிந்துவிடும். அன்றைக்குத் தான் யாரென்றே தெரியாமல் நிற்கும்படி ஒருவரை வளர்த்துவிட்டு, அதற்குத் தன்னம்பிக்கை என்று பெயர் சூட்டுகிறோம்.

1980களில் பீட்டர் ஆட்லர், பாட்ரிசியா ஆட்லர் என்ற சமூகவியல் தம்பதி ஒரு கல்லூரிக் கூடைப்பந்து அணியை ஆண்டுக்கணக்கில் கூடவே இருந்து கவனித்தார்கள். பட்டம் வாங்கிவிடலாம் என்ற நம்பிக்கையோடு சேர்ந்த பையன்கள், பயிற்சியும் பயணமும் கைதட்டலுமாக நாள் போகப் போக, படிப்பின் மீதிருந்த பிடிப்பைத் தளர்த்திக்கொண்டே வந்தார்கள். இதைச் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. ஊரே ஆட்டக்காரனாக மட்டும் பார்க்கும்போது வேறொருவனாக இருப்பது லேசான காரியமா? விளையாட்டு அடையாளத்தை அளப்பதற்கென்று பிரிட்டன் பிரூவரும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் ஓர் அளவுகோலை முன்வைத்தார்கள். நண்பர்களில் பெரும்பாலோர் விளையாட்டுக்காரர்கள்தானா, காயத்தால் ஆட முடியாமல் போனால் மனம் உடைந்துவிடுமா என்றெல்லாம் அதில் வருகிறது. இந்த அடையாளம் பயிற்சியில் பிடிப்பைத் தரும் என்பதை அவர்கள் மறுக்கவில்லை. ஆனால் அதே ஆண்டு பிரூவர் வெளியிட்ட வேறோர் ஆய்வில், அது இறுகிப்போனவர்களே காயம்பட்டபோது அதிகம் சோர்ந்திருந்தார்கள். முழங்கால் தசைநார் அறுந்தவர் களத்துக்குத் திரும்பப் பல மாதங்கள் ஆகும். அணி வெளியூர் ஆட்டத்துக்குப் பேருந்து ஏறும். அவர் சிகிச்சை அறையில் காலை நீட்டி மடக்கிக்கொண்டிருப்பார்.

ஆடும் மாணவர்களுக்குத் தன்மதிப்பு அதிகம்தானே என்பார்கள். கைதட்டல் கேட்கும்போது அளந்தால் அப்படித்தான் தெரியும். ஆட்டம் நின்ற பிறகும் அந்தக் கணக்கு செல்லுமா என்பதே கேள்வி. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வைத்தவர் ஜெயிக்க முடியாது என்பது அடுத்த வாதம். பிரின்ஸ்டனில் படித்துக்கொண்டே 1964 ஒலிம்பிக்கில் கூடைப்பந்துத் தங்கம் வென்ற பில் பிராட்லி, ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்போர்டுக்குப் போய்ப் படித்தார். திரும்பி வந்து நியூயார்க் நிக்ஸ் அணியோடு 1970இலும் 1973இலும் பட்டம் வென்றார். அவர் விதிவிலக்குதான். ஆனால் முடியவே முடியாது என்ற வாதத்தை உடைக்க ஒரு விதிவிலக்கு போதும். அதே உதவித்தொகைக்காக 2009 சீசனைத் துறந்த அமெரிக்கக் கால்பந்து வீரர் மைரன் ரோல், என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீகின் 2010 வீரர் தேர்வில் 6ஆவது சுற்றில்தான் தேர்வானார். ஆட்டத்தில் இவருக்குப் பற்று உண்டா என்று அணிகள் சந்தேகித்ததாக அப்போது செய்திகள் வந்தன. என்.எஃப்.எல். வழக்கமான சீசனில் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் வெளியேறிய அவர் பிறகு மூளை அறுவை மருத்துவரானார். பற்று போதாது என்றவர்களின் பேச்சைக் கேட்டிருந்தால், அணி விடுவித்த மறுநாள் அவர் கையில் என்ன இருந்திருக்கும்?