படைக்குப் போனவனுக்குப் பட்டம் உண்டா?

தோழரே!

திண்டுக்கல்லுக்கு வந்தவர் எவரும் அந்தப் பாறையைப் பார்க்காமல் திரும்ப முடியாது. திண்டு போலக் கிடக்கும் கல் என்பதால் திண்டுக்கல் ஆயிற்று என்பர். 1755-ஆம் ஆண்டு அந்தப் பாறைக் கோட்டைக்கு மைசூரின் பௌஜ்தாராக வந்தான் ஒருவன். எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. ஆனால் பிரெஞ்சுக்காரரை வரவழைத்து இங்கே படைக்கலச் சாலை கண்டான். பீரங்கிப் படையைப் பழக்கினான். ஆறே ஆண்டில், 1761-இல், மைசூரின் ஆட்சியே அவன் கைக்குள் வந்தது. ஐதர் அலி அவன் பெயர்.

பாசறைதான் அவனுக்குப் பள்ளி. ‘உன் பட்டம் எங்கே?’ என்று அவனிடம் கேட்கும் துணிவு எவனுக்கு இருந்தது? வாள் அவன் கையில் இருந்தது! நம் வீட்டுப் பிள்ளை படையிலிருந்து திரும்பும்போது, துப்பாக்கியை அங்கேயே ஒப்படைத்துவிட்டு வருகிறான். வெறுங்கையோடு வருகிறவனிடம்தான் உலகம் கேட்கிறது, ‘பட்டம் எங்கே?’ என்று.

அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை உங்களோடு பேச விழைகிறேன்.

விடியற்காலையில் வேடசந்தூர்ச் சாலையிலோ, நத்தம் சாலையிலோ, ஒட்டன்சத்திரத்துப் பக்கமோ சென்று பாருங்கள். வெளுக்காத வானத்தின் கீழே இளைஞர் கூட்டம் ஓடிக்கொண்டிருக்கும். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்தில் கடக்க வேண்டும் என்பதற்காக ஓடுகிற கால்கள் அவை. வானம் பார்த்த பூமியில் உழுகிறவரின் மகன், நூற்பாலையில் இரவு வேலை பார்ப்பவளின் மகன், பூட்டுப் பட்டறையில் அரம் பிடிப்பவரின் மகன்! நாட்டுப்பற்று உண்டு அவன் நெஞ்சில், ஐயமில்லை. அதனோடு கூட, கல்லூரிக் கட்டணம் கட்ட இயலாத குடும்பத்தின் கணக்கும் உண்டு. படிக்கப் பணமில்லாததால் படைக்குப் போகிறவன், படையில் இருந்தபடியே படிக்க முடியுமா? முடியுமென்றால், அந்தப் படிப்பை நாடு மதிக்குமா?

நாட்டின் படையிலே இரண்டு வாசல்கள் இருக்கின்றன, தோழரே! அதிகாரி நுழையும் வாசல் ஒன்று. ஜவான் நுழையும் வாசல் இன்னொன்று.

கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்புக் கழகத்தில் மூன்றாண்டு பயிலும் இளைஞன், பயிற்சி முடிந்து வெளிவரும்போது ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பட்டத்தோடு வருகிறான். நம் நீலகிரியில், வெலிங்டனில், பாதுகாப்புப் பணிகள் பணியாளர் கல்லூரி இருக்கிறது. அங்கே பயிலும் அதிகாரிக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் முதுகலைப் பட்டம் தருகிறது. நல்லது. தரட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. போர்க்கலை கற்றதும் ஒரு கல்விதான் என்று பல்கலைக்கழகமே ஒப்புக்கொண்டதல்லவா? மகிழ்கிறோம்.

ஆனால் அதே வெலிங்டனில்தான் மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையமும் இருக்கிறது. 1758-இல் தோன்றிய பழம்பெரும் படைப்பிரிவு அது. அங்கே புழுதியில் புரண்டு பயிற்சி பெறும் ஜவானுக்கு எந்தப் பல்கலைக்கழகம் பட்டம் தந்தது? ஒரே மலை, ஒரே மழை, ஒரே கொடி. மேட்டில் கற்றால் கல்வி. பள்ளத்தில் கற்றால் வெறும் கவாத்தா?

ஜவானுக்கும் ஓர் ஏணி உண்டு என்பதை மறைக்கமாட்டேன். தேர்வில் வென்ற ஜவான், டேராடூனில் உள்ள படைப் பயிலுநர் கல்லூரியில் சேர்ந்து, பட்டமும் பெற்று, அதிகாரியாகவும் உயரலாம். அருமையான ஏணி! ஆனால் ஓர் ஆள் ஏறும் ஏணியைக் காட்டி, ஊருக்கே படிக்கட்டு கட்டியாயிற்று என்று சொல்லலாமா?

பட்டம் இல்லாத முன்னாள் வீரனுக்காக 1986-இல் மத்திய அரசு ஒரு விதி செய்தது. பத்தாம் வகுப்புத் தேறியவன், பதினைந்து ஆண்டு படையில் பணிபுரிந்திருந்தால், பட்டம் கேட்கும் ‘சி’ பிரிவு வேலைகளில், தொழில்நுட்ப அனுபவம் தேவைப்படாதவற்றுக்கு அவனையும் தகுதியுடையவனாகக் கொள்ளலாம் என்றது. பட்டம் இல்லை; பட்டதாரிக்கு ஒப்பு! மேற்படிப்புக்கு அது உதவாது. ஒரு வாசலுக்கு மட்டும் செல்லும் சீட்டு. இருந்தாலும் அந்தச் சீட்டாவது இருந்தது.

2022 ஜூன் 14-ஆம் நாள் வந்தது அக்னிபத் திட்டம். பதினைந்தாண்டு போயிற்று, நான்கே ஆண்டு! நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரை நிலைக்கலாம். மற்றவர் ஊர் திரும்ப வேண்டும். ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடை இல்லை. சேவா நிதி என்ற பெயரில் ஏறத்தாழ 11 இலட்சத்து 71 ஆயிரம் ரூபாய் கொடுத்து விடைகொடுப்பார்கள். கணக்குப் போடுங்கள், தோழரே! நான்கு ஆண்டில் திரும்புகிறவன், பதினைந்து ஆண்டு கேட்கும் 1986-ஆம் ஆண்டு விதிக்குள் எப்படி நுழைவான்? பழைய சீட்டும் அவனுக்குச் செல்லாது. முதல் அணியினர் 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சிக்குச் சென்றார்கள். அவர்களுடைய நான்காண்டு 2026 இறுதியில் முடியத் தொடங்குகிறது. இருபத்தொன்று, இருபத்திரண்டு வயதில் முன்னாள் வீரன்! முன்னாள் என்று அழைக்கப்படும் வயதா அது?

இதற்கு அரசு சொன்ன விடை, பட்டம். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழியாக மூன்றாண்டுப் பட்டப்படிப்பு. படையில் பெற்ற பயிற்சிக்கே பாதி மதிப்பெண் அலகு. மீதிப் பாதியைப் பாடம் படித்துப் பெற வேண்டும். ஓராண்டில் நிறுத்தினால் சான்றிதழ். ஈராண்டில் நிறுத்தினால் பட்டயம். மூன்றாண்டு முடித்தால் பட்டம். திட்டத்தின் மற்றக் கேடுகளை நாம் எதிர்க்கிறோம் என்பதற்காக, இதில் உள்ள நல்ல கொள்கையை மறுக்கவேண்டியதில்லை. ஜவானின் பயிற்சியும் கல்வியே என்று ஏற்றிருக்கிறார்கள். அதை வரவேற்போம். வரவேற்றுவிட்டு, உறையைப் பிரித்து உள்ளே என்ன இருக்கிறதென்றும் பார்ப்போம்.

அந்த மீதிப் பாதிக்கான பாடப் பட்டியலை 2022-இல் அரசே வெளியிட்டது. பொருளாதாரம், வரலாறு, கணிதம், வணிகம், வேளாண்மை என்று அடுக்கிக்கொண்டே வந்தவர்கள், அந்த வரிசையிலேயே சோதிடத்தையும் சேர்த்தார்கள்! எல்லையிலே நின்று, எதிரியின் நடமாட்டத்தைக் கண்ணால் கண்டறியப் பழகியவனுக்குக் கட்டத்தைப் பார்த்துக் காலத்தைக் கணிக்கக் கற்றுக்கொடுக்கப் போகிறார்களாம்! ஊர் திரும்பியதும் என்ன செய்வான்? திண்டுக்கல் பேருந்து நிலையத்தருகே பலகை மாட்டுவானா? மின்சாரம், எந்திரம், செவிலியம், கணினி என்று பிழைப்புக்கு வழிகாட்டும் கல்வி ஆயிரம் இருக்க, கிரகத்தைக் காட்டுவது என்ன நீதி?

‘போர் வீரனுக்குப் புத்தகம் எதற்கு?’ என்பாரும் உளர். வள்ளுவர் கல்விக்கும் அதிகாரம் வகுத்தார். படைமாட்சிக்கும் அதிகாரம் வகுத்தார். இரண்டையும் வைத்தது ஒரே பொருட்பாலில்தான். ஏடும் வாளும் பகையென்று அவர் எண்ணவில்லை.

மராட்டிய மண்ணைப் பாருங்கள். தாழ்த்தப்பட்ட குடியிலே பிறந்த இராம்ஜி சக்பால், படையில் சுபேதார், படைப்பள்ளியில் தலைமையாசிரியர். ஊர்ப் பள்ளிகள் எந்தச் சாதியை வாசலில் நிறுத்தினவோ, அந்தச் சாதிக்காரருக்குப் பாசறைப் பள்ளி எழுத்தறிவித்தது. அவருடைய மகன் 1891-இல் மாவ் என்னும் படைநகரில் பிறந்தார். அவரே அண்ணல் அம்பேத்கர்! 1890-களில் அந்தச் சாதியினரைப் படையில் சேர்ப்பதையே வெள்ளை அரசு நிறுத்தியது. படைவேலை போனதோடு பள்ளியும் அல்லவா போயிற்று! பாசறையில் ஏற்றப்படும் கல்விவிளக்கு எத்தனை தலைமுறைக்கு வெளிச்சம் தரும், அதை அணைத்தால் எத்தனை தலைமுறை இருளும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அமெரிக்காவிலே 1944-இல் ஒரு சட்டம் வந்தது. போரிலிருந்து திரும்பியவனின் கல்லூரிச் செலவை அரசே ஏற்றது. 1956-க்குள் ஏறத்தாழ 22 இலட்சம் முன்னாள் வீரர்கள் கல்லூரி சென்றார்கள். நிலக்கரி வெட்டியவன் மகன் பொறியாளன் ஆனான். ஆனால் அதே நாட்டின் தென் மாநிலங்களில், கறுப்பு வீரனுக்கு வெள்ளையர் கல்லூரியின் கதவு திறக்கவில்லை. சட்டம் தாளில் சமம், வாசலில் பேதம்! ஏட்டில் எழுதப்பட்ட உரிமை வீட்டுக்கு வந்து சேரும்வரை கண்ணுறங்கக் கூடாது என்பது அங்கிருந்து நமக்கு வரும் பாடம்.

ஆகவே கேட்கிறோம். ஜவானின் கால அட்டவணையில் படிப்பதற்கென்று நேரம் ஒதுக்கப்பட வேண்டும். களைத்துச் சாய்ந்தபின் கிடைக்கும் அரை மணி போதாது. 2025-இல் அக்னிவீரர் நுழைவுத் தேர்விலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. வாசலில் வரவேற்கப்பட்ட தமிழ், வகுப்பறையிலும் தேர்வுத்தாளிலும் முழு உரிமையோடு இருக்க வேண்டும். நான்காண்டு முடித்தவன் பெற்ற பட்டத்தை எந்த வேலைக்கும், எந்த மேற்படிப்புக்கும் இரண்டாந்தரமென்று ஒதுக்கக் கூடாது. பாதியில் விட்டு வந்தவன் தன் ஊர்ப்பக்கமே மீதியை முடிக்க வழி வேண்டும். 1956-இல் கிராமக் கல்விக்கென்றே எழுந்த நிலையம், இன்று பல்கலைக்கழகமாக நிற்கும் காந்திகிராமம், நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. துப்பாக்கியை வைத்துவிட்டு வருகிற இளைஞனுக்கு, காந்தியின் பெயர் தாங்கிய இடத்தைவிடப் பொருத்தமான வகுப்பறை வேறு எது?

கல்லூரியை இடையில் விட்டவன் நான். மேடையும் நாடகமும் எனக்குச் சோறு போட்டன. எல்லாருக்கும் மேடை கிடைக்காது, தோழரே! பட்டமில்லாதவனை எந்தெந்த வாசலில் எத்தனை நாழிகை நிற்கவைப்பார்கள் என்பதை அறிந்தவனாகவே இதை எழுதுகிறேன்.

அரசிடம் கேட்பதோடு நம் கடமை முடியவில்லை. கிளைக் கழகத் தோழர்கள் தத்தம் ஊரில் படைக்குச் சென்ற பிள்ளைகள் யார் யார் என்று பட்டியலிடுங்கள். படிப்பில் பதிவு செய்துகொண்டார்களா என்று வீட்டாரிடம் விசாரியுங்கள். பயிற்சிக்குரிய மதிப்பெண் அலகு ஏறியிருக்கிறதா, சான்றிதழ்கள் பத்திரமாக உள்ளனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். விடுமுறையில் வருபவனுக்கு மாலையிடுவதோடு ஒரு புத்தகமும் கொடுங்கள். ஊர்தோறும் உள்ள படிப்பகத்தில் அவனுக்கென்று ஒரு நாற்காலி போடுங்கள்.

மன்னனுக்குச் சூட்டியதும் பட்டம். மாணவன் பெறுவதும் பட்டம். சிறுவன் காற்றில் விடுவதும் பட்டம். நம் பிள்ளை கையில் வருவது நூலறுந்த காற்றாடியாகப் போய்விடாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. நாடு அவனைக் காவலுக்கு அழைத்தது, அவன் போனான். அவன் திரும்பி வரும்போது, தலைநிமிர்ந்து நிற்கும் தகுதியோடு வரச் செய்வோம், தோழரே!